ஆயிரம் டாலர் குதிரை

(ஆக்லாந்தில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குதிரைப் பந்தயம் என்று தலைப்பைச் சொன்னவுடன் முன்வரிசையில் சில முகங்கள் சுருங்கியதைக் கவனித்தேன். அது நியாயம்தான். நம் வீடுகளில் ‘ரேஸுக்குப் போகிறவன்’ என்றால் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவன் என்று அர்த்தம். சம்பள நாளில் கிண்டிக்குப் போய் வெறுங்கையோடு வீடு திரும்பிய தகப்பன்மாரை நினைவு வைத்திருக்கிறவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். 1974-இல் கலைஞர் ஆட்சி பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் அந்தக் குடும்பங்களின் கண்ணீர் இருந்தது. வழக்கு இருபது ஆண்டுக்கு மேல் இழுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, அதைச் சூதாட்டம் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. நம் அம்மாக்களின் தீர்ப்பு மட்டும் மாறவில்லை. பந்தயம் கட்டுகிறவனாக நான் இங்கே நிற்கவில்லை. யாரையும் கட்டச் சொல்லவும் வரவில்லை.

நான் பேச வந்தது வாசகர்களைப் பற்றி. வாழ்நாளில் ஒருமுறைகூட ரேஸ்கோர்ஸ் வாசலை மிதிக்காதவர்கள், குதிரையின் பக்கத்தில் போகவே பயப்படுகிறவர்கள், ஒரு பந்தயக் குதிரையின் உண்மைக் கதையைக் கையில் எடுத்தால் விடிய விடியப் படிக்கிறார்கள். முடித்ததும் அடுத்தவர் கையில் திணிக்கிறார்கள். இது ஏன் என்ற கேள்வி என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருக்கிறது.

2001-இல் அமெரிக்காவில் லாரா ஹில்லன்பிராண்ட் என்ற எழுத்தாளர் ‘சீபிஸ்கட்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அறுபது ஆண்டுக்கு முன் ஓடிய ஒரு குதிரையின் கதை. கடும் சோர்வு நோயால் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத நிலையில், தலைசுற்றலோடு போராடிக்கொண்டே அவர் எழுதியது. புத்தகம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 2003-இல் சினிமாவாகவும் வந்தது. அந்தக் குதிரைக்கு உருண்ட உடம்பு, குட்டைக் கால், கோணல் முழங்கால். இரண்டு வயதிலேயே 35 பந்தயம் ஓடவிட்டு அலைக்கழித்து, கடைசியில் 8,000 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்கியவர் சார்லஸ் ஹோவர்ட். பழக்கியவர் டாம் ஸ்மித், அதிகம் பேசாத மனிதர். ஏறி ஓட்டிய ஜாக்கி ரெட் போலார்டுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று மறைத்து வைத்திருந்தார். சாண்டா அனிடா என்ற பெரிய பந்தயத்தில் சீபிஸ்கட் 1937-இலும் 1938-இலும் மூக்கு நுனி வித்தியாசத்தில் தோற்றது. அதே 1938 நவம்பர் 1-ஆம் தேதி, வார் அட்மிரல் என்ற சாம்பியனோடு நேருக்கு நேர் ஓடி நான்கு குதிரை நீளத்தில் வென்றது. காயம்பட்டு, இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, 1940-இல் அதே சாண்டா அனிடாவில் முதலாவதாக வந்தது. அன்று சேணத்தில் இருந்தவர், கால் நொறுங்கி அப்போதுதான் தேறியிருந்த போலார்ட்.

‘எளியது வலியதை வென்றால் மனசுக்குப் பிடிக்கிறது, இதில் என்ன ஆராய்ச்சி’ என்று கேட்பீர்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. எளியவன் வலியவனை வெல்லும் கதையை வெள்ளிக்கிழமைதோறும் நமக்கு ஒரு சினிமா சொல்கிறது. அதைப் பார்த்துக் கைதட்டுகிறோம், மறந்துவிடுகிறோம். இந்தக் குதிரைப் புத்தகத்தைக் கொடுக்கிறவர் மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்: “இது நிஜமா நடந்ததுங்க.” அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நிஜம் என்பது அப்படி எதைக் கூட்டிக் கொடுக்கிறது?

ஒரு மனிதரைக் குறைத்து எடைபோடும்போது யாரும் அதை எழுதி வைப்பதில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் நம்மில் எத்தனை பேர், ‘உள்ளூர் அனுபவம் இல்லை’ என்ற ஒரே வரியில் திருப்பி அனுப்பப்பட்டோம்? பதினைந்து வருஷம் பொறியாளராக இருந்தவர் கிடங்கில் பெட்டி அடுக்கினார். பிறகு அவர் மேலே வந்தபோது, ‘இவர் வருவார் என்று எங்களுக்கு அப்போதே தெரியும்’ என்று சொல்ல ஆள் இருந்தது. அன்று மறுத்ததற்குச் சாட்சி இல்லை. குதிரைக்கு அப்படி இல்லை. குட்டியாக ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பது பதிவேட்டில் இருக்கிறது. பந்தயத்தன்று ஊர் அதை எவ்வளவு நம்பியது என்பது பலகையில் எண்ணாக இருக்கிறது. முதுகில் எத்தனை கிலோ ஏற்றினார்கள் என்பது தராசில் நிறுத்து எழுதப்பட்டிருக்கிறது. உலகம் தன் அலட்சியத்தை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. பிறகு குதிரை ஓடுகிறது. ஆயிரக்கணக்கான பேர் பார்க்க, பட்டப்பகலில், முடிவு தெரிகிறது. யாரும் பின்னால் வந்து மாற்றிச் சொல்ல முடியாது. வாசகர்கள் ஏங்குவது இந்த ஆவணத்துக்காக என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஆவணத்தை இயந்திரமாகவே செய்து நிறுத்திய ஊர் நம் ஆக்லாந்துதான். எல்லர்ஸ்லி ரேஸ்கோர்ஸை மோட்டார்வேயில் போகும்போது தினமும் கடக்கிறோம். 1913-இல், உலகத்திலேயே முதன்முதலாகத் தானாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசேட்டர் அங்கேதான் வைக்கப்பட்டது. செய்தவர் ஜார்ஜ் ஜூலியஸ்; நியூசிலாந்தின் ஆங்கிலிகன் பேராயராக இருந்தவரின் மகன். அதை அவர் முதலில் யோசித்தது தேர்தலில் வாக்கு எண்ணுவதற்காக. ஆஸ்திரேலிய அரசு வேண்டாம் என்றது. அதே யோசனையை ரேஸ்கோர்ஸுக்குத் திருப்பினார். பல்சக்கரமும் கப்பியும் கம்பியும் நிறைந்த, ஒரு கட்டடம் அளவுக்குப் பெரிய இயந்திரம். ஓட்டியது மின்சாரம் இல்லை, எடைக்கல். ஒவ்வொரு சன்னலில் சீட்டு விற்கும்போதும் உள்ளே ஒரு சக்கரம் நகரும். எந்தக் குதிரைமேல் எவ்வளவு பணம் விழுந்தது என்பது வெளியே எண்ணாகத் தெரியும். வாக்குப்பெட்டிக்குப் பிறந்த இயந்திரம் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் எனக்குச் சிலிர்க்கிறது. ஒரு ஊரே சேர்ந்து இந்தக் குதிரை தேறாது என்று வாக்களிக்கிறது. வாக்கு எண்ணிக்கை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. ஓட்டம் அதற்குப் பிறகுதான்.

இப்போது நான் சொல்ல வந்த குதிரைக்கு வருகிறேன். அதன் பெயர் கீவி.

வடக்குத் தீவில், தெற்கு டரனாக்கியில், வேவர்லி என்ற சின்ன ஊர். அங்கே ஸ்னோ லப்டன் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர். ஒரு வயதுக் குட்டியாக, செம்பழுப்பு நிறத்தில் இருந்த இந்தக் குதிரையை அவரும் மனைவி ஆனும் ஆயிரம் டாலருக்கு வாங்கினார்கள். கராக்காவில் ஜனவரிதோறும் நடக்கும் ஏலத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். லட்சங்களில் விலை கேட்பார்கள். ஆயிரம் டாலர் என்பது அந்த உலகத்தில் ஒரு விலையே இல்லை. அந்தக் குதிரைக்குத் தனி மைதானமோ பெரிய லாயமோ கிடையாது. லப்டன் அதன்மேல் ஏறிப் பண்ணையில் ஆடு ஓட்டினார். மேடும் பள்ளமுமான புல்வெளியில், ஆட்டு மந்தையைத் திருப்பித் திருப்பி மடக்கியதே அதற்குப் பயிற்சி. ஓட்டம் முடிந்த குதிரையைப் பண்ணை வேலைக்கு விடுவது சகஜம். பந்தயத்துக்குப் போகிற குதிரையை ஆட்டுக்குப் பின்னால் விடுகிறவர் அபூர்வம்.

1983 ஜனவரியில் அது வெலிங்டன் கப்பை வென்றது. நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கப்புக்குப் புறப்பட்டது. அந்தப் பந்தயம் நடக்கும் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நம் அலுவலகங்களில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் யாரும் வேலை செய்வதில்லை. ஒரு டப்பாவில் குதிரைப் பெயர்களைச் சீட்டாக மடித்துப் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கச் சொல்வார்கள். இங்கே வந்த முதல் வருஷம் எனக்கு, இது என்ன கூத்து, தீபாவளியை ஒட்டி வருகிற நாளில் இந்த ஊரில் தொப்பி போட்டுக்கொண்டு குதிரைக்குக் கூச்சல் போடுகிறார்களே என்று இருந்தது. பிறகு பழைய ஆட்கள் கீவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்லும்போது அவர்கள் எழுந்து நின்றுவிடுகிறார்கள். அப்போதுதான் எனக்கு அந்த நாளின் அருமை புரிய ஆரம்பித்தது.

பந்தயம் 3,200 மீட்டர். சேணத்தில் ஜிம் காசிடி, இருபது வயது நியூசிலாந்துப் பையன். இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள். பந்தயத்தின் பெரும்பகுதி முழுவதும் கீவி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கடைசித் திருப்பத்தில், கூட்டத்தின் வால்பக்கத்தில், ஏறக்குறைய எல்லோருக்கும் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து இலக்குவரை நேர்க்கோட்டுப் பாதை 450 மீட்டர்தான். நண்பர்களே, அந்தப் படக்காட்சியைத் தேடிப் பாருங்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காமிரா முன்னால் போகிற குதிரைகளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. காட்சியிலேயே இல்லாத ஒன்று ஓரத்திலிருந்து உள்ளே வருகிறது. காசிடி அதை இடுக்குகளில் நுழைத்து நுழைத்துக் கொண்டுவருகிறார். மற்றவை நின்றுவிட்டதுபோல் ஒரு தோற்றம். வர்ணனையாளரே அதைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார். கோட்டைத் தாண்டும்போது அது முன்னால் இருக்கிறது. இரண்டாவதாக வந்தது நோபிள் காமென்ட். ஆடு ஓட்டிய ஆயிரம் டாலர் குதிரை மெல்பர்ன் கப்பை எடுத்துக்கொண்டு வேவர்லிக்குத் திரும்பியது. ஒரே ஆண்டில் வெலிங்டன் கப்பும் மெல்பர்ன் கப்பும் என்ற சாதனையோடு.

இந்தக் கதையில் ஒரு சொல் கூட்ட வேண்டியதில்லை. விலை, வேலை, திருப்பத்தில் நின்ற இடம், முடிவில் வந்த இடம். இந்த நான்கையும் வரிசையாகச் சொன்னால் போதும், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

அடுத்த ஆண்டு, 1984-இல், கீவி மறுபடியும் மெல்பர்ன் போனது. பந்தயத்துக்கு முன் கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்துக் காலில் குறை என்று ஓடவிடாமல் நிறுத்தினார்கள். லப்டன் ஒப்புக்கொள்ளவில்லை, தன் குதிரையைத் தனக்குத் தெரியும் என்றார். இரண்டு நாட்டிலும் அது பெரிய சர்ச்சை. சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுவதுண்டு. விடக்கூடாது. பண்ணைக்காரர் வென்றுவிட்ட பிறகும் அவர் சொல்லுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது இதில்தான் தெரிகிறது.

கீவிக்கு அரை நூற்றாண்டு முந்தியது ஃபார் லாப். அதன் கதை உங்களில் பலருக்குத் தெரியும்; ஆகவே அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு எடையைப் பற்றிப் பேசுகிறேன். 1926 அக்டோபர் 4-இல் தெற்குத் தீவில் டிமாருவுக்குப் பக்கத்தில் பிறந்தது. 1928-இல் டிரென்டம் ஏலத்தில் 160 கினி. சிட்னியில் இருந்த ஹாரி டெல்ஃபர்ட் என்ற பயிற்சியாளர் ஏலப் புத்தகத்தில் வம்சாவளியைப் படித்துவிட்டு வாங்கச் சொன்னார். பணம் போட்ட டேவிட் டேவிஸ், கப்பலில் வந்து இறங்கிய குட்டியைப் பார்த்து ஆத்திரப்பட்டார்: நெட்டையாக, ஒல்லியாக, முகமெல்லாம் மரு. பயிற்சிச் செலவு தர மாட்டேன் என்றார். டெல்ஃபர்ட் மூன்று ஆண்டு குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். வருகிற பரிசில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு. முதல் பந்தயத்தில் கடைசி. அடுத்த மூன்றிலும் இடமில்லை. ஐந்தாவதில், 1929 ஏப்ரல் 27-இல், வென்றது. பிறகு நிற்கவில்லை: மொத்தம் 51 ஓட்டத்தில் 37 வெற்றி.

இப்போது எடை. பெரிய பந்தயங்களில் ‘ஹேண்டிகேப்’ என்று ஒரு முறை உண்டு. வலுவான குதிரைக்குக் கூடுதல் சுமை. சேணத்தில் ஈயத் தகடு செருகுவார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாகக் கோட்டைத் தொடவேண்டும் என்பது அதன் கனவு. 1930 மெல்பர்ன் கப்பில் ஃபார் லாப் சுமந்தது 62.5 கிலோ. பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை காலை, பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் காரிலிருந்து யாரோ அதைச் சுட்டார்கள். குறி தவறியது. குதிரையைப் பார்த்துக்கொண்டவர் டாமி உட்காக். குதிரை அவர் கையிலன்றி யார் கையிலும் நிற்காது. சுட்ட அன்று மத்தியானமே அது ஒரு பந்தயத்தை வென்றது. செவ்வாய்க்கிழமை கப்பை வென்றது. வியாழனும் அடுத்த சனியும் மேலும் இரண்டு. எட்டு நாளில் நான்கு.

அடுத்த ஆண்டு அதன் முதுகில் 68 கிலோ வைத்தார்கள். எட்டாவதாக வந்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வராமல் இருந்ததில்லை. 160 கினிக்கு ‘இது தேறாது’ என்று எழுதியவர்களும், பிறகு 68 கிலோவுக்கு ‘இது தாங்கட்டும்’ என்று எழுதியவர்களும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள். முதல் கணக்கு அலட்சியம். இரண்டாவது, அலட்சியம் பொய்த்துப்போனதற்கு வசூலித்த அபராதம். வாசகர்கள் ஃபார் லாப் என்றால் 1930-ஐச் சொல்லி மகிழ்கிறார்கள். 1931-ஐயும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் குதிரையை முழுதாகப் படித்ததாகும் என்பது என் எண்ணம்.

1932 மார்ச் 20-இல் ஃபார் லாப் மெக்சிகோவின் அகுவா காலியென்டேயில் வென்றது. பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 5-இல், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், உட்காக்கின் கண்ணெதிரே செத்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் நொடிந்திருந்த காலம். ஆஸ்திரேலியாவிலும் இங்கேயும் சொந்தக்காரர் செத்ததுபோல் துக்கப்பட்டார்கள். தோலைப் பாடம் செய்து மெல்பர்னில் வைத்தார்கள். 6.2 கிலோ எடையுள்ள இதயம் கான்பெராவில் இருக்கிறது. எலும்புக்கூடு நம் வெலிங்டனில், தெ பாப்பா அருங்காட்சியகத்தில்.

தெ பாப்பாவுக்குப் போனால் அந்த எலும்புக்கூட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பெரிய உருவம். தோல் போய், சதை போய், சேணமும் பெயர்ப்பலகையும் போய், ஒரு நெஞ்சுக்கூடு. விலா எலும்புகள் அகலமாக விரிந்து பின்னால் போகின்றன. ஏலத்தில் பார்த்த கண்கள் இதன் முகத்து மருவைப் பார்த்தன, இந்த விலாவுக்குள் எவ்வளவு காற்று பிடிக்கும் என்று பார்க்கவில்லை. அங்கே ஒரு தாத்தா தன் பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவர் ஓட்டத்தைச் சொல்லவில்லை, விலையைத்தான் முதலில் சொன்னார். நூற்றறுபது கினி என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்தக் குழந்தைக்குக் கினி என்றால் என்னவென்று தெரியாது, இருந்தாலும் சிரித்தது.

ஆர்வம் மிகுந்தால் அது உண்மையை மிஞ்சவும் பார்க்கும். ஃபார் லாப்பைக் கொன்றது யார் என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. 2006-இல் அதன் மயிரை ஆய்ந்தவர்கள் ஆர்சனிக் இருப்பதைக் கண்டார்கள். உடனே ‘விஷம் வைத்தது நிரூபணம்’ என்று பேசினார்கள். அந்தக் காலத்துக் குதிரை டானிக்குகளிலேயே ஆர்சனிக் கலப்பது வழக்கம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய உதாரணம் மொய்ஃபா. ஹாக்ஸ் பே பக்கத்துக் குதிரை. பிரம்மாண்டமான, அழகில்லாத உடம்பு. 1904-இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் என்ற வேலி தாண்டும் பந்தயத்தை 25-க்கு 1 என்ற நிலையிலிருந்து எட்டு நீளத்தில் வென்றது. பிறகு மன்னர் ஏழாம் எட்வர்டே அதை விலைக்கு வாங்கினார். இதற்குமேல் என்ன வேண்டும்? மக்களுக்குப் போதவில்லை. இங்கிலாந்து போகும் வழியில் கப்பல் உடைந்ததாம், மொய்ஃபா கடலில் நீந்தித் தனித் தீவில் கரையேறியதாம், மீனவர்கள் கண்டெடுத்தார்களாம். இந்தக் கதை புத்தகம் புத்தகமாக அச்சேறியது. அது நடக்கவே இல்லை. 1899-இல் கேப் டவுன் அருகே தெர்மோபிலே என்ற கப்பல் பாறையில் மோதியபோது அதில் வேறு பந்தயக் குதிரைகள் இருந்தன; அந்தச் சம்பவம் வந்து மொய்ஃபாவின் மேல் ஒட்டிக்கொண்டது. அந்த அலங்காரத்தால் குதிரைக்கு நஷ்டம்தான். கடல் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், அது தாண்டிய முப்பது வேலிகளும் மறந்துபோகின்றன.

கேட்கிறவர்கள் நாம் தமிழர்கள். குதிரைக் கதை நமக்குப் புதிதா? சங்க காலத்தில் காரி என்ற வள்ளலின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கு ஓரி. தலைவனையும் குதிரையையும் பெயரால்கூடப் பிரிக்கவில்லை. பிறகு தேசிங்கு ராஜன் கதை. 1714-இல் செஞ்சியில் ஆற்காட்டு நவாபின் படைக்கு எதிரே சொற்பமான குதிரைவீரர்களோடு இறங்கி உயிர்விட்ட இளைஞன். அவனுடைய பாராசாரிக் குதிரையை, யாருக்கும் அடங்காத குதிரையை அவன் டில்லியில் அடக்கியதை, தென்னார்க்காட்டில் இரவிரவாகப் பாடக் கேட்டிருக்கிறார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாக அது எத்தனை சந்தைகளில் விற்றது! அந்தக் குதிரை வெல்லவில்லை. எசமானனோடு களத்தில் விழுந்தது. நம் ஜனங்கள் தோற்றவனைத்தான் பாடினார்கள், தோற்றவனின் குதிரையைத்தான் பெயர் சொல்லி நினைவு வைத்தார்கள்.

ஆங்கிலத்தில் வரும் இந்த உண்மைக் கதைகளில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான். எளிய குதிரை என்று ஆரம்பிக்கிறார்கள். அது வென்றால் மட்டும் எழுதுகிறார்கள். ஆயிரம் டாலருக்கு வாங்கப்பட்ட எல்லாக் குதிரையும் கீவி ஆகவில்லை. இந்த நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கப்பலேறிய குதிரைகள் எத்தனையோ. கிரான்ஜி மைதானத்தில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி, நூற்றெண்பது ஆண்டுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்ப் பந்தயம் முடிந்துபோனது. ஓட்டம் முடிந்த குதிரைகளில் சில சவாரிப் பள்ளிக்குப் போகும், சில பண்ணைக்கு, சில இறைச்சிக்கூடத்துக்கு. ஆவணம் அவற்றுக்கும் இருக்கிறது: விலை, எடை, வந்த இடம். படிக்க ஆள் இல்லை. குதிரைமேல் உண்மையான பிரியம் இருக்கிற வாசகன் அந்தப் பக்கத்தையும் புரட்டவேண்டும் என்று கேட்கிறேன். சாட்டையைப் பற்றியும், உடைந்த காலைப் பற்றியும் தெரிந்துகொண்டு படிப்பதால் கீவியின் அந்த 450 மீட்டர் குறைந்துபோகாது.

சில்வியா பார்க்குக்கு வாரக்கடைசியில் மளிகை வாங்கப் போகிறோம். அந்த இடம் ஒரு காலத்தில் குதிரைப் பண்ணை. 1885-இல் அங்கேதான் கார்பைன் பிறந்தது. 1890 மெல்பர்ன் கப்பில் 39 குதிரைகளுக்கு நடுவே ஏறக்குறைய 66 கிலோ சுமந்து வென்றது. மவுண்ட் வெலிங்டனில் கார்பைன் ரோடு என்று தெருவே இருக்கிறது. அந்தத் தெருவில் வண்டி ஓட்டுகிற நம்மவர்களுக்கு அது ஒரு குதிரையின் பெயர் என்று தெரிந்தால் சந்தோஷமாக இருக்கும், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி நம் ஊர்ப் பக்கம். கிண்டியில் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்றது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அந்த நிலம் என்ன ஆகவேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வெள்ளத்தில் மூழ்குகிற நகரத்துக்கு ஏரி வந்தால் நல்லதே. எனக்குக் கவலை வேறு. அந்த லாயங்களில் தலைமுறை தலைமுறையாகக் குதிரை பார்த்த சைஸ்கள் இருக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து குதிரையை நடக்கவிட்டு, தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளு வைத்து, குளம்பைத் தூக்கிப் பார்த்தவர்கள். முதலாளிகளின் பெயர் கோப்பையில் பொறித்திருக்கிறது. ஜாக்கிகளின் பெயர் பத்திரிகையில் வந்தது. டாமி உட்காக்கின் பெயர் ஃபார் லாப்போடு நிலைத்ததுபோல், கிண்டிச் சைஸ் ஒருவரின் பெயர் ஒரு குதிரையோடு சேர்ந்து நிலைத்திருக்கும் தமிழ்ப் புத்தகத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஊட்டியிலும் அப்படிப்பட்ட சைஸ்கள் இருக்கிறார்கள். இலங்கையில் நுவரெலியாவின் ஏப்ரல் பந்தயத்தைப் பார்த்துப் பழகியவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அப்படி ஒரு பெரியவரைச் சந்திக்க நேர்ந்தால், ஐயா, உங்கள் கையில் இருந்த குதிரைகளில் எது உங்களுக்கு ரொம்பப் பிரியம் என்று கேளுங்கள். அதன் பெயர் என்ன, என்ன விலைக்கு வந்தது, எந்தக் காலில் வலி இருந்தது, எந்தப் பந்தயத்தில் தோற்றது, தோற்ற அன்று இரவு அதற்கு என்ன கொடுத்தீர்கள், கடைசியில் அதை யார் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல் பதிவுசெய்து கொண்டுவாருங்கள். அதை எழுத்தாக்குவதற்கு உட்கார நான் தயார். இங்கே எழுதத் தெரிந்த இன்னும் சிலரும் இருக்கிறீர்கள்.